சாறம் தின்ற மண்: படுவான்கரையில் ஒரு மண் கலைக்காட்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

மண்வளம் பற்றிக் கதைக்கலாம் என்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரைக் கிராமமொன்றுக்குப் போனால், இன்றைக்கும் முதலில் வருகிற கேள்வி "திரும்பவும் சேதனப் பசளைக் கதையா?" என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. 2021 மே மாதம், நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. மாற்றுப் பசளை போதுமான அளவில் கைக்கு வராமலே பெரும்போகம் தொடங்கியது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் விதைப்பு முடிந்து, போட வேண்டிய நேரத்தில் யூரியா இல்லாமல் பல வயல்வட்டைகளில் பயிர் வெளிறிப்போயிருந்தது. நாட்டின் நெல் விளைச்சல் பெருமளவு விழுந்த போகம் அது. அந்தக் கடனை இன்னும் சுமக்கிறவர்களிடம் போய் "மண்ணைக் காப்போம்" என்று பதாகை பிடித்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்வதில் பிழையும் இல்லை.

இந்த மனநிலைக்கு நடுவில் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, மண்ணை வைத்து ஒரு சிறு கலைக்காட்சி நடந்தது. ஒரு சித்திர ஆசிரியை, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர், கட்புலக் கலை படித்த இளையவர்கள் சிலர், சாதாரண தர வகுப்பு மாணவர்கள் ஆகியோர் சேர்ந்து செய்தது. வேலையில் கைகொடுத்தவர்களில் நானும் ஒருவன். வந்தவர்கள் எதன் முன்னால் நின்றார்கள், எதைக் கடந்து போனார்கள், எதைப் பற்றி வாதாடினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

முடிவாக எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணின் பெருமையைப் படமாக வரைந்து மாட்டியபோது ஊர் அதைப் பார்க்கவில்லை. மண் தானே ஏதோ ஒன்றைச் செய்துகாட்டியபோது ஊர் நின்று பார்த்தது. பார்த்ததோடு நில்லாமல் எங்களுக்குத் தெரியாததையும் சொல்லித் தந்தது.

பார்க்கப்படாதவை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நுழைவாயிலில் மாணவர்களின் சுவரொட்டிகள் இருந்தன. இரண்டு கை தாங்கிப் பிடித்த பூமிப் பந்து, அதன் மேல் ஒரு தளிர். பிள்ளைகள் உழைத்துத்தான் வரைந்திருந்தார்கள். ஆனால் அது எந்த ஊர்ச் சுவரிலும் தொங்கக்கூடிய படம். வயலில் நின்று வந்த ஒருவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

மேட்டிலிருந்து வயலுக்கு ஒரு நீள் தாள்

மண்டபத்தின் நீளச் சுவரில் ஒரே தொடராக ஒட்டிய தாள். அதன் இடது முனை ஊரின் மேட்டுநிலம், வலது முனை வாவிக் கரையோரத்து உவர்த் திடல். நடுவில் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனை, தோட்டம், வரம்பு கட்டிய வயல் வரவை, வாய்க்கால் கரை. ஒவ்வோர் இடத்து மண்ணையும் காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் அரித்து, விளாம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தார்கள். கடையில் வாங்கிய நிறம் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

மேட்டில் செம்மை கலந்த கபிலம். இறங்க இறங்க மஞ்சள் ஏறுகிறது. வயலுக்கு வந்தால் சாம்பல். இத்தனை மாற்றமும் சில நூறு மீற்றருக்குள் நடக்கிறது. உலர் வலயத்தின் அலையலையான நிலம் முழுக்கக் காணக்கூடிய ஒழுங்குதான் இது. நிறத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரும்பு. நீர் வடியும் மேட்டில் காற்று புகுவதால் இரும்பு ஒட்சைட்டாகிச் சிவக்கிறது. கொஞ்சம் ஈரம் தங்கும் சரிவில் அதே இரும்பு நீரைச் சேர்த்துக்கொண்டு மஞ்சளாக நிற்கிறது. நீர் கட்டிக் கிடக்கும் வயலில் காற்றே இல்லை. அங்கே நுண்ணங்கிகள் மூச்சுக்கு ஒட்சிசன் இல்லாமல் அந்த இரும்பு ஒட்சைட்டைப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரைந்து நிறமிழக்கிறது, மண் நரைக்கிறது.

பாடப்புத்தகத்தில் இதைப் படிக்கலாம். ஆனால் தாளில் நடந்த ஒன்றைப் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியாது. வயல் சேற்றை, அதாவது சுரியை, காயவைக்காமல், தோண்டிய ஈரத்தோடு ஒரு பகுதியில் பூசினார்கள். பூசும்போது நீலம் தட்டிய சாம்பல் நிறம். காயக் காயக் கபிலம் ஏறி, துருப்போன்ற மஞ்சளும் படரத் தொடங்கியது. காற்றுப் பட்டதும் இரும்பு திரும்பவும் ஒட்சைட்டாகிறது. காட்சி திறந்திருந்த காலமெல்லாம் அந்தப் பகுதி நிறம் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்துவிட்டு வயலுக்குப் போன ஒருவர் பின்னேரம் திரும்பி வந்து, "ஆர் இதுக்கு மேல பூசின?" என்று கேட்டார். ஒருவரும் பூசவில்லை என்று சொன்னபோது அவர் தாளுக்கு மிக அருகே போய் நெடுநேரம் நின்றார். பிறகு, நெல் பிடுங்கும்போது வேரைச் சுற்றிச் செம்மஞ்சள் உறை படிந்திருப்பதைப் பற்றி அவரே சொன்னார். அதுவும் இதே கதைதான். நெல்லுக்குத் தண்டு வழியாக வேருக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழல்கள் உண்டு. வேரிலிருந்து கசியும் அந்தக் காற்றில் சுற்றியுள்ள இரும்பு துருவாகப் படிகிறது. சுரிக்குள் நெல் மூச்சு விட்ட தடயம் அந்தச் செம்மஞ்சள்.

தாளின் கீழே ஒரு சிறு தட்டில் இன்னொன்று வைத்திருந்தார்கள். சரிவில் எடுத்த மஞ்சள் மண், பக்கத்தில் அதே மண்ணைத் தாச்சியில் போட்டு நன்றாக வறுத்தது. வறுத்தது சிவந்திருந்தது. மஞ்சள் இரும்புக் கனியம் சூட்டில் நீரை இழந்து சிவப்பாக மாறுவதுதான் காரணம். செங்கல் சூளையில் வேலை செய்த பெண்ணொருவர் அதைப் பார்த்ததும் தன் மகளை இழுத்து வந்து விளக்கத் தொடங்கிவிட்டார். எந்தச் சூட்டில் கல் எந்த நிறத்துக்கு வரும், எந்தக் களியில் சுட்டால் வெடிக்கும் என்பதெல்லாம் அவரிடம் இருந்தது. விளக்க அட்டையில் நாங்கள் எழுதியிருந்ததைவிட அவர் சொன்னது கூட.

மண் நிறத்தைக் குறிக்க இன்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் வயலுக்கு எடுத்துப்போகும் நிற அட்டை முறையை உருவாக்கியவர் அல்பர்ட் மன்செல். அவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஓவியம் கற்பித்த ஆசிரியர். 1905இல் நிறங்களை ஒழுங்குபடுத்தும் தன் முறையை வெளியிட்டார். மண் ஆய்வாளர்கள் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். சித்திர ஆசிரியை இதைத் தன் மாணவர்களுக்குச் சொன்ன விதத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. சித்திரம், விவசாயம் இரண்டையும் வெவ்வேறு பாடவேளையாகவே அறிந்த பிள்ளைகள் அவர்கள்.

கொடியில் தொங்கிய சாறங்கள்

காட்சியின் உயிர் இங்கேதான் இருந்தது.

பருத்தித் துணியை மண்ணில் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கும் முறை பல நாடுகளில் விவசாயிகளிடையே பரவியிருக்கிறது. பருத்தி கிட்டத்தட்ட முழுவதும் செலுலோசு. பற்றீரியாவும் பங்கசும் அதைத் தின்னும். ஆரோக்கியமான மண்ணின் ஒரு மேசைக்கரண்டிக்குள் உலகின் மனிதத் தொகையை விடக் கூடுதலான உயிர்கள் இருக்கின்றன என்கிறது உலக உணவு விவசாய நிறுவனம். பூமியின் உயிரினங்களில் ஏறத்தாழ 59 வீதம் மண்ணில் வாழ்கின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த எண்களைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவது எளிது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் தின்று முடித்த துணியைக் கையில் பிடித்தால் அப்படிப் போக முடியாது.

ஆனால் மட்டக்களப்பில் துணி புதைப்பது சின்ன விஷயம் இல்லை. திட்டத்தைச் சொன்னவுடனே ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள். வெள்ளைப் புதுத்துணி செத்தவருக்குப் போடும் கோடித்துணி. அதை விளையும் நிலத்தில் புதைப்பதாவது! இன்னொருவர் சொன்னது வேறு: ஒருவர் வயலில் மற்றவர் எதையாவது புதைத்தார் என்று தெரிந்தால் அது செய்வினைக் கதையாகி, இரண்டு குடும்பம் பகையாகும். இதைப் பழைய நம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் வேலை அன்றே நின்றிருக்கும். ஒதுக்கவும் எங்களுக்கு மனமில்லை. துணிக்கும் நிலத்துக்கும் இடையே இந்த ஊர் வைத்திருக்கும் உறவு அது. கடைசியில் வழியையும் அவர்களே காட்டினார்கள். புதுத்துணி வேண்டாம், ஆண்கள் இடுப்பில் உடுத்துப் பழசான பருத்திச் சாறம் எடுங்கள். அவரவர் சாறத்தை அவரவர் நிலத்தில் அவரவர் கையாலேயே புதைக்கட்டும், பக்கத்தில் ஒரு கம்பு நட்டு ஊரறிய அடையாளம் வையுங்கள்.

எங்கள் முதல் எண்ணத்தைவிட இது எவ்வளவோ மேலான கலை. ஒரே அளவில் வெட்டிய வெள்ளைத் துண்டுகள் தொங்கியிருந்தால் அது பரிசோதனைச் சாலை ஆகியிருக்கும். இப்போது கொடியில் தொங்கியது ஒவ்வொருவரின் உடுப்பு.

தோண்டி எடுத்தபோது கிடைத்தது இது. மாட்டெரு போட்ட வீட்டுத்தோட்டத்துச் சாறத்தில் துணியே மிஞ்சவில்லை. சாறத்தை மூட்டிய தையல் மட்டும் முழுசாக இருந்தது. தைத்தது பொலியெஸ்ரர் நூல், அதைத் தின்ன மண்ணுக்கு வாயில்லை. ஆளில்லாத ஒரு சாறத்தின் கோடு மட்டும் கொடியில் தொங்கியது. மேட்டுச் சேனையில் புதைத்தது ஓட்டை ஓட்டையாக வந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உறவினர் வீட்டு வளவுக்குள், காய்ந்த மணலில் புதைத்தது சற்றே மங்கிய நிறத்தோடு அப்படியே இருந்தது. வயலில் நீர் கட்டிய வரவையில் புதைத்தது பெரும்பாலும் கிழியாமல், ஆனால் கரும்புள்ளிகள் படிந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளியே வந்தது.

காட்சியின் முதல் நாள் ஆட்கள் இதைப் பரீட்சைப் பெறுபேறு போலத்தான் வாசித்தார்கள். யாருடைய மண் சித்தி, யாருடையது தவறியது என்று. வயற்சாறத்தின் சொந்தக்காரருடைய மகன், மாணவன், அந்தப் பக்கமே வராமல் நின்றான். விவசாயப் போதனாசிரியர் விளக்கம் சொல்ல எழுந்தார். அவருக்கு முன்பே ஒரு முதிய கமக்காரர் குரல் கொடுத்தார்.

"தண்ணிக்க கிடந்த துணி எப்பிடித் தம்பி கெதியா உக்கும்? வைக்கோலைச் சுரிக்குள்ள மிதிச்சு விட்டா எத்தின நாள் கிடக்கும் எண்டு உனக்குத் தெரியுமா? காத்துப் படோணும், ஈரமும் இருக்கோணும். ரெண்டில ஒண்டு இல்லாட்டியும் உக்காது."

அவ்வளவுதான். மணலில் ஈரம் இல்லை, வயலில் காற்று இல்லை, தோட்டத்தில் இரண்டும் இருந்தது. போதனாசிரியர் அதற்குமேல் சேர்த்தது ஒன்றே ஒன்று. நீருக்குள்ளும் தின்கிற உயிர்கள் உண்டு, அவை மெதுவாகத் தின்னும். அவற்றில் சில விடுகிற வாயுதான் அந்த நாற்றம், அது இரும்போடு சேர்ந்ததுதான் அந்தக் கருமை. ஆகவே அந்தச் சாறம் "செத்த மண்" என்பதற்குச் சாட்சி அல்ல. பையன் அதன்பிறகு தன் தகப்பனின் சாறத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நாற்றத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் துணி உக்குவதை மண்வளத்தின் அளவுகோலாக வைத்துவிடக் கூடாது. ஈரம், வெப்பம், ஆழம், துணியின் தடிப்பு எல்லாம் விளைவை மாற்றும். பொசுபரசு எவ்வளவு, உவர் எவ்வளவு என்று அது ஒன்றும் சொல்லாது. அதற்கு மண் பரிசோதனைதான் செய்ய வேண்டும். மண்ணுக்குள் ஒரு கூட்டம் வேலை செய்கிறது என்று காட்டுவது மட்டுமே துணியின் வேலை. அதை அது வேறெதையும்விட நன்றாகச் செய்தது.

ஒரு பலகை நிலம்

புதிதாக வெட்டிய தோட்டக் கிணற்றின் சுவரிலிருந்து, மேலிருந்து கீழாக ஒரு மண் பாளத்தைப் பசை பூசிய பலகையில் அப்படியே பெயர்த்து எடுத்திருந்தார்கள். மேலே வேரும் புழு ஓடிய துளைகளும் நிறைந்த கரும்பழுப்பு. கீழே நிறம் வெளுத்த களி. அடியில் கிரவல். வயல் ஓரத்தில் எடுத்த இன்னொரு பாளத்தில், மேல்மண்ணுக்குக் கீழே ஒரு சாணுக்குள்ளேயே இறுகிய அடுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உழவு இயந்திரம் போகம் போகமாய் ஒரே ஆழத்தில் ஓடி அழுத்திய தளம் அது. வயலில் தண்ணீர் நிற்க அது வேண்டும். அதே இடத்தில் சோளமோ நிலக்கடலையோ வைக்க நினைத்தால் வேர் அங்கே முட்டி நிற்கும்.

மேலே இருந்த கருமண்ணின் தடிப்பைக் கையால் அளந்து பார்த்தவர்கள் பலர். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்ற குறிப்பைப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். இங்கே மண்ணுக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு வேறொன்று இருக்கிறது: கியூப். ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. ஆற்று மணலும் கிரவலும் டிப்பரில் ஏறுவது இந்தக் கணக்கில்தான். அதனால் போதனாசிரியர், நியூயோர்க்கில் வோல்ட்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் ஒரு மாடி வீட்டின் 335 சதுர மீற்றர் தரை முழுவதும் 56 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண் நிரப்பிய கதையைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த டிப்பர் சாரதி ஒருவர் "அது கிட்டத்தட்ட அறுபத்தஞ்சு, எழுபது கியூப் வருமே" என்று உடனே கணக்குப் போட்டார். அந்த மண் இன்றும் விற்கப்படாமல், எதுவும் கட்டப்படாமல், நகரத்தின் விலையுயர்ந்த இடத்தில் சும்மா கிடக்கிறது என்று கேட்டபோது அவர் நம்பவில்லை. மண்ணைச் சும்மா விட்டுவைப்பதற்கு இடம் கொடுப்பது என்ற எண்ணம் அவருக்குப் புதிது. எனக்கும் அந்தக் கணத்தில்தான் அந்தப் படைப்பின் பலம் புரிந்தது.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது மெல் சின் 1991இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கிய வேலை. கழிவு கொட்டிய நிலமொன்றில், மண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியோடு சேர்ந்து, பார உலோகங்களை உறிஞ்சக்கூடிய செடிகளை நட்டார். செடி வளர்ந்து, அறுக்கப்பட்டு, அதனோடு கட்மியமும் கொஞ்சம் வெளியேறுவதுதான் அங்கே சிற்பம். எங்கள் ஊரிலும் அதே கூட்டுத்தான் நடந்தது. கலை தெரிந்தவரும் வயல் தெரிந்தவரும் ஒருவரையொருவர் அலங்காரமாக வைத்துக்கொள்ளாமல் சேர்ந்து வேலை செய்தார்கள்.

தோண்டாத இடம்

இந்த நிகழ்வை ஆராய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. படுவான்கரையில் மண்வெட்டியோடு போய் "இங்கே தோண்டலாமா" என்று கேட்பது எளிய கேள்வி அல்ல. 2007 வரை போர் நடந்த நிலம் இது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக 2017இல் அறிவிக்கப்பட்ட பிறகும், சில பற்றைகளுக்குள் மாடு போனாலே பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார் இந்தக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். மண் மாதிரி எடுக்கப் போன இடமொன்றில் ஒரு அம்மா மாணவிகளைக் கூப்பிட்டு, எதற்குத் தோண்டுகிறீர்கள், யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு முழுவதும் விளக்கினார்கள். கேட்டுவிட்டு, "அங்க மட்டும் வேணாம் புள்ள" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே எடுக்கவும் இல்லை.

நீள் தாளில் அந்த இடத்துக்குரிய பகுதி வெறும் தாளாகவே விடப்பட்டது. அதற்கு விளக்க அட்டை வைக்க வேண்டும் என்று இளையவர்களில் சிலர் வாதாடினார்கள். வைக்காதது சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். மண்ணின் முக்கியத்துவம் என்று பேசும்போது காபனையும் உணவையும் மட்டும் எண்ணுகிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் சேர்ந்திருப்பதைவிடக் கூடுதலான காபன் மண்ணில் இருக்கிறது என்பது உண்மை, நாம் உண்பதில் 95 வீதம் மண்ணிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. இந்த ஊருக்கு மண்ணில் வேறொன்றும் இருக்கிறது. அதை எங்கள் காட்சிக்குப் பொருளாக எடுக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

என்ன மாறியது

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. யூரியா வாங்குவது குறையவில்லை, குறைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. 2021க்குப் பிறகு அப்படிக் கேட்பது அநியாயம் என்பது என் எண்ணம். மண்ணில் உயிர் வளர்க்கப் பல போகம் பிடிக்கும், ஒரு வர்த்தமானியால் அது நடக்காது. அந்தச் சுமையைத் தனியே விவசாயியின் தலையில் ஏற்ற முடியாது.

ஆனால் பேச்சு மாறியது. கூட்டத்தில் கை கட்டி அமர்ந்திருப்பவர்கள் இங்கே சாறத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், மணந்தார்கள், மறுத்தார்கள், திருத்தினார்கள். மண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று சிலர் தாங்களாகவே கேட்டார்கள். முக்கியமாக, வைக்கோல் பற்றிய வாதம் ஒன்று கிளம்பியது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துவது வழக்கமாகிவிட்டது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. கொளுத்தும்போது சேதனப் பொருளும் நைதரசனும் புகையோடு போகின்றன, சாம்பலில் மிஞ்சுவதை முதல் மழை கழுவுகிறது. கொளுத்தாவிட்டால் உழும்போது சிக்கும், உக்க நேரம் போதாது, எலி சேரும் என்று மறுபக்கம் சொன்னது. இரண்டு பக்கத்திலும் அனுபவம் இருந்தது. சேதனப் பசளை என்ற சொல் ஒருமுறைகூட வராமலே சேதனப் பொருள் பற்றி நடந்த அவ்வளவு நீண்ட விவாதத்தை நான் முன்பு கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. பெண்கள் பின்னேரத்தில்தான் வர முடிந்தது. நேரத்தை அவர்களுக்கேற்ப வைத்திருந்தால் வீட்டுத்தோட்டம் பற்றிய பகுதி இன்னும் வளர்ந்திருக்கும். விளாம்பிசின் குறைந்த இடங்களில் தாளிலிருந்து மண் உதிர்ந்தது. களி அதிகமுள்ள மண்ணுக்குக் கொஞ்சம் மணல் சேர்க்காவிட்டால் வெடிக்கிறது என்பதையும் இப்போது மாணவர்கள் அறிவார்கள். விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டிலும் படிக்கிற பிள்ளைகள் ஒன்றாக வந்து இப்படியொரு வேலையை ஒரு போகம் முழுக்கச் செய்தால் நாங்கள் தொட்ட இடத்தைத் தாண்டிப் போகலாம்.

அடுத்த போகத்துக்கான ஏற்பாடு தொடங்கிவிட்டது. வைக்கோல் கொளுத்திய வரவை, கொளுத்தாமல் உழுது விட்ட வரவை, இரண்டும் ஒருவருடையது, ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்வது. இரண்டிலும் ஒரே பழைய சாறத்தின் இரண்டு பாதிகளை, ஒரே ஆழத்தில், ஒரே நாளில் புதைப்பதாக அந்த முதிய கமக்காரரும் அவருடைய மருமகனும் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். மருமகன் கொளுத்துகிற கட்சி, மாமன் கொளுத்தாத கட்சி. தோண்டி எடுப்பதைப் போக ஆரம்பக் கூட்டத்தன்றே எடுத்து, கூட்டம் நடக்கும் மண்டபத்திலேயே கொடி கட்ட, வயல்களுக்கு நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை ஒத்துக்கொண்டிருக்கிறார்.